ஆளுக்கு அளவெடுத்து வெட்டிய கோல்ஃப் மட்டை

ஆட்களின் உயரத்தை வைத்துப் பிழைக்கிறவன் முதலில் நம்பக் கூடாதது, அவர்கள் வாயால் சொல்லும் உயரத்தைத்தான்.

கோல்ஃப் மட்டைகளை ஆளுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுப்பது என் தொழில். ஊட்டியில் ஒரு கிளப்பின் பின்பக்கம், புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும் கொட்டகையை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஓர் அறைதான் பட்டறை. அதற்கு முன்னால் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெங்களூரில் பயிற்சிக்குப் போய்வந்து இதில் இறங்கினேன். தொழிற்சாலையில் இரும்பு எதிர்த்துப் பேசாது. இங்கே இரும்பைப் பிடித்திருப்பவர்கள் பேசுவார்கள். தையற்கடைக்காரர்கள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள், செருப்புக்கடையில் குனிந்து குனிந்தே முதுகு போனவர்கள் எல்லோரும் இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும்.

நான் அதிகம் திருத்துவது பட்டர் என்கிற வகையை. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு அதை உருட்டிவிடும் மட்டை அது. தூரமாக அடிக்கும் மட்டையை நம் ஆட்கள் கடைகடையாக ஏறி இறங்கி வாங்குவார்கள். பட்டரை மட்டும் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பையில் செருகிக்கொள்வார்கள். அப்புறம் பந்து குழிக்குள் விழவில்லை என்று புல்லைத் திட்டுவார்கள்.

ஐந்தடி பத்து

கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் வாராவாரம் காரில் மலையேறி வருவார். உயரம் கேட்டேன். யோசிக்காமல் "அஞ்சடி பத்து" என்றார். பட்டருக்கு உயரம் மட்டும் போதாது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு, குனிந்தால் கண் பந்துக்கு நேர் மேலே வருகிறதா, மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் சுவரோரம் நிற்கச் சொன்னேன். ஷூவைக் கழற்றியதும் ஐந்தடி ஆறுக்கு வந்து சேர்ந்தார்.

நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு அந்த ஆறுக்கு ஏற்றபடியே அவர் பட்டரின் தண்டாக இருக்கும் இரும்புக்குழாயை வெட்டினேன். வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பட்டறையில் விரித்திருந்த பச்சைக் கம்பளத்தில் வரிசையாகப் பந்துகளை உருட்டினார், எல்லாம் போட்ட கோட்டிலேயே போயின. கிளம்பும்போது கதவுப்பக்கம் நின்று குரலைத் தணித்தார்.

"ஏனுங்க, நம்மூட்டுக்காரம்மா கேட்டாங்கன்னா அஞ்சடி பத்துன்னே சொல்லிப்போடுங்க."

தரையில் ஒரு கண்ணாடி

கண் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தரையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து அதன்மேல் பந்தை வைப்பேன். குனிந்து நின்றால் பந்துக்கு அந்தப்பக்கமோ இந்தப்பக்கமோ தன் கண் தெரியும். பந்து கண்ணை மறைத்தால் அளவு சரி. தள்ளித் தெரிந்தால் மட்டை நீளம், அல்லது குட்டை.

இங்குள்ள போர்டிங் பள்ளி ஒன்றின் முதல்வர் அம்மா ஓய்வு நேரத்தில் ஆட வருவார். கண்டிப்பானவர். அவர் வரும் வழியில் புல்வெட்டும் ஆட்கள்கூட பீடியை மறைத்துவிடுவார்கள். குனிந்து கண்ணாடியைப் பார்த்தவர் நிமிரவே இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், தாடையைத் தூக்கிப் பார்த்தார். கண் எங்கே இருக்கிறது மேடம் என்று பணிவாகக் கேட்டேன்.

"கண்ணைத் தவிர எல்லாம் தெரியுது. இத்தனை நாள் என் பிள்ளைங்க இதையா கீழேயிருந்து பார்த்துக்கிட்டு இருந்தாங்க?"

துரை விட்டுப்போன பட்டர்

இந்தக் கிளப்பில் பை சுமக்கும் கேடிகளில் நன்றாக ஆடுகிறவர் சந்திரன். நாற்பது தாண்டியவர். இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பம், சேரம்பாடியில் எஸ்டேட் தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்து வளர்ந்தவர். கேடிகளுக்கு மட்டை வாங்குகிற வழக்கம் கிடையாது. உறுப்பினர்கள் கழித்துக்கட்டுவதுதான் அவர்களுக்கு வரும். சந்திரனுக்கு வந்த பட்டர், துரை என்று அவர்கள் கூப்பிடும் ஓர் எஸ்டேட் மேனேஜருடையது. ஆறடிக்கு மேல் இருந்தவர், மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். சந்திரன் ஐந்தடி நாலு.

அதனால் அவர் மேலே இருக்கும் ரப்பர் பிடியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே வெறும் இரும்பைப் பிடிப்பார். முதுகை மடக்கி முழங்காலை வளைத்து, விறகுக்கட்டு தூக்கப்போகிறவரைப் போல நிற்பார். மட்டைத்தலையின் முன்நுனி, அதாவது மூக்கு, வானத்தைப் பார்க்கும். அப்படி இருந்தால் பந்து இடது பக்கம் போகும். அதற்காக அவர் வலது பக்கம் குறிவைப்பார். பல வருஷமாக இப்படித் தப்பைத் தப்பால் சரிசெய்து பந்தைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்து, சரிவில் இறங்கும்போதெல்லாம் முனகுவார். வெட்டித் தருகிறேன் கொடுங்கள் என்று பலமுறை கேட்டேன். பட்டரை அணைத்துக்கொண்டார்.

"தொர குடுத்த பட்டர் நல்லாத்தானுங்கண்ணா இருக்கு. எனக்குத்தான் ஒயரம் பத்தல."

ஊட்டி பாணி

சந்திரன் நன்றாக ஆடுகிறார் என்பதால் மற்ற கேடிகளும் இரும்பைப் பிடித்துக் கூன்போட்டார்கள். கேடிகள் எல்லோரும் அப்படி நிற்பதால், இந்த மலைப்புல்லுக்கு அதுதான் ரகசியம் போலிருக்கிறது என்று உறுப்பினர்கள் முடிவுகட்டினார்கள். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு அதை ஊட்டி பாணி என்று சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். போன துரையின் கால் நீளம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ஃபிட்டருக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டார்கள்.

மில்காரர் பட்டரோடு திரும்பி வந்தார். நான் வெட்டியதை நீட்ட வேண்டுமாம், சந்திரன் மாதிரி இரும்பைப் பிடித்து ஆடப்போகிறாராம். எடுத்துச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வது தொழில் தர்மம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குழாயில் ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் புல்லெல்லாம் உறைபனி. இரு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க, அந்த எடத்துல இரும்பைத் தொட்டா வெரலே வெறச்சுப்போகுதுங்க. அங்கயும் ஒரு ரப்பர் பிடி போட்டுக் குடுங்க."

வெட்டு

வருஷத்துக்கு ஒரு நாள் கேடிகளுக்கு மட்டும் போட்டி நடக்கும். இந்த முறை முதல்வர் அம்மா தன் பள்ளிக்கு ஒரு கோல்ஃப் பயிற்சியாளர் வேண்டும், முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மாதச் சம்பளம், பிஎஃப், தங்க வீடு. தேய்ந்த முழங்காலோடு பை தூக்குகிற சந்திரனுக்கு இதைவிட வேறு கதவு திறக்கப் போவதில்லை. ஆனால் முதல்வர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். சந்திரன் ஆட்டம் பிடித்திருக்கிறது, ஆனால் பிள்ளைகளை அப்படிக் கூன்போட வைத்தால் பெற்றோர்கள் தன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்றார். அதை அப்படியே போய் சந்திரனிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் பட்டரோடு வந்தார். "வெட்டிருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, வெட்டும்போது வெளியே போய் நின்றுகொண்டார். குழாயைக் குறைத்தேன். தலைப்பகுதியை இடுக்கியில் மாட்டிக் கோணத்தை வளைத்து, மூக்கைத் தரைக்கு இறக்கினேன். குழாய் குறைந்தால் மட்டையின் தலை கனமில்லாததுபோலத் தெரியும் என்பதால் அடியில் ஈயத்தகடு ஒட்டினேன். அவர் கைக்குப் பொருந்தும் பிடி போட்டேன். நிமிர்ந்து நின்று பிடித்தார். அவருக்கு இவ்வளவு அகலமான தோள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

பயிற்சிக்குப் போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார். எல்லாப் பந்தும் குழிக்கு வலது பக்கமாகவே போயிருக்கிறது. மட்டை சரியாகிவிட்டது, வலதுபக்கம் குறிவைக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. போட்டிக்கு நாள் அதிகமில்லை. வெட்டின குழாய் திரும்ப வளராது. இந்த மனிதருக்கு வேலை கிடைக்காமல் போனால் அது என் ரம்பத்தால்தான் என்று தோன்றியது. அவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னை முறைத்தார்.

"நான் எங்க பாக்கறேனோ அங்கயே போகுதுங்கண்ணா. அதான் பிரச்சனையே."

கடைசிக் குழி

போட்டியன்று காலையில் மூட்டம், பத்து மணிக்கு மேல் விலகியது. பட்டறையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். இடையில் கிடைத்த நாளெல்லாம் விடாமல் நேராகக் குறிவைத்துப் பழகியிருந்தார் சந்திரன். கிட்டத்துப் பந்துகள் எல்லாம் சத்தமில்லாமல் குழிக்குள் விழுந்தன. தூரப் பந்துதான் ஒருமுறை சீகைமரக் காட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அதில் முதலிடம் கைவிட்டுப்போனது. கடைசிக் குழியில், ஒரு கட்டில் நீளத் தூரத்தில் பந்து நின்றது. விழுந்தால் இரண்டாமிடம், விழாவிட்டால் மூன்றாமிடம்.

அவர் கைகள் பழக்கதோஷத்தில் பிடியை விட்டுக் கீழே வழுக்கின. கீழே இரும்பைப் பிடித்தால் அவர் நெற்றி தரையில் முட்டும் அளவுக்கு மட்டை குட்டை. கைகள் நின்றன, மறுபடி மேலே ஏறின. நிமிர்ந்து நின்று, குழியை ஒருமுறை பார்த்து, உருட்டினார். பந்து விளிம்பில் தயங்காமல் நடுவிலேயே விழுந்தது. நான் கைதட்டினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

முதலிடம் வந்தவர் சந்திரனிடமே இரும்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட இன்னொரு கேடி. முறைப்படி அவரைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். முதல்வர் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜெயிச்சவர் நிக்கிறதைப் பார்த்தா எனக்கே இடுப்பு வலிக்குது. ரெண்டாவதா வந்தவரை அனுப்புங்க."

பள்ளிக்கூடத்து மூட்டை

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே சந்திரன் பள்ளி ஜீப்பில் வந்து இறங்கினார். மேலே ஸ்வெட்டர், கழுத்தில் விசில். தோளில் ஒரு சாக்குமூட்டை. தரையில் கொட்டினார். எல்லாம் பட்டர்கள். பிள்ளைகளின் அப்பாக்கள், மாமாக்கள் கழித்துக்கட்டியவை. ஒவ்வொன்றிலும் ரப்பர் பிடி புதிதாக இருந்தது. அதற்குக் கீழே இரும்பு மட்டும் கைபட்டுப் பளபளத்தது. பிள்ளைகளின் அளவுகளை ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை வெளியே போகவில்லை, ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"எல்லாத்தையும் வெட்டிருங்கண்ணா. ஒரு புள்ளகூட தனக்கு ஒயரம் பத்தலன்னு நெனச்சுக்கக் கூடாது."

ஆக, இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: மட்டை குறையக் குறைய ஆள் நிமிர்கிறான், இரண்டு பிடி போட்ட பட்டரோடு மில்காரர் மட்டும் இன்னும் ஐந்தடி பத்திலேயே நிற்கிறார்.