மணிக்கு எழும் கால்கள்

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், கோதுமை வயல்களை இரண்டாகப் பிளந்து செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சீவர்ட் பிரெக்கியின் பெட்ரோல் பங்க் இருந்தது. அவருடையது என்று ஊர் சொல்லும். ஒப்பந்தக் காகிதம் அப்படிச் சொல்லாது. தலையில் கண்ணாடிக் குடம் ஏந்தி நின்ற இரண்டு பம்புகள், பக்கத்தில் சர்வீஸ் கொட்டகை, பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டறை வீடு, எல்லாம் எண்ணெய்க் கம்பெனியின் உடைமை. சீவர்ட்டுக்கென்று இருந்தவை இரண்டு கைகளும் ஒரு குரலும்தாம்.

அந்தக் குரலை ஊர் அறியும். ஒரு மைல் தொலைவிலிருந்த வெள்ளை மரக் கோயிலில் இசைக்கருவி எதுவும் கிடையாது. ஞானப்பாட்டின் முதலடியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, சபை அதைப் பற்றிக்கொண்டு பின்னே வரும். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி எடுத்துக் கொடுத்தவர் சீவர்ட். பிறகு மழை பொய்த்து நிலம் கைவிட்டுப் போயிற்று. அவர் பங்கிற்கு வந்தார்.

கம்பெனியின் விதி எளியது. சூரியன் எழுவதிலிருந்து அடைவது வரை, வாரத்தின் ஏழு நாளும் பங்க் திறந்திருக்க வேண்டும். பம்புக்கு முன்னால் தரையில் ஒரு ரப்பர்க் குழாய் கிடந்தது. வண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறினால் கொட்டகைக்குள் மணி அடிக்கும். அடித்த ஒரு நிமிடத்திற்குள் தொப்பி அணிந்த ஆள் வண்டியருகே நிற்க வேண்டும். சோதிக்கும் ஆட்கள் சாதாரண வழிப்போக்கரைப் போலவே வருவார்கள். கேட்பாரற்ற மணி இரண்டானால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஏழு ஆண்டுகளாகச் சீவர்ட் பாதி மழித்த முகத்தோடும், வாயில் மென்ற உருளைக்கிழங்கோடும், காய்ச்சலோடும் ஓடியிருக்கிறார். ஞாயிறுகளில் கோயில் மணியும் பங்க் மணியும் ஒரே வேளையில் ஒலிக்கும். கால்கள் எந்த மணிக்கு எழுந்தன என்று சொல்ல வேண்டியதில்லை.

1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவருடைய ஒரே மகள் ரக்னாவின் திருமணம். பதினோரு மணிக்குக் கோயிலில். அவள் தகப்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

"பாட்ட நீங்கதான் எடுக்கணும், அப்பா. வேற யாரு எடுத்தாலும் எனக்கு வேணாம்."

"எடுக்கிறேன்."

"பெல் அடிச்சா?"

"அடிச்சுட்டுப் போகட்டும்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

பங்கைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துப் பண்ணைக்கார ஹால்வர் பத்தே காலுக்கு வருவதாக ஏற்பாடு. மனைவி விருந்து மேசை போடக் காலையிலேயே போய்விட்டாள். சீவர்ட் வெள்ளைச் சட்டையின்மேல் வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தபோது, ஒன்பதரைக்கு மணி அடித்தது.

பெரிய கறுப்புக் கார். தனியாக ஓட்டி வந்த முதிய பெண்மணி. கிழக்கே எங்கோ பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற திருமதி வின்ஸ்லோ. எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டுமாம். அரைமணி வேலை. சீவர்ட் வண்டியைக் குழியின்மேல் நிறுத்தச் செய்து, கொட்டகையின் உட்கோடியிலிருந்த படிகளில் இறங்கினார். அந்தக் குழி ஒரு மனிதன் மார்பளவு நின்று வேலை செய்யும் சிமெண்டுத் தொட்டி. வேறு வழி அதற்கில்லை. பழைய ஆயிலை வடித்து, திருகை முடுக்கிவிட்டு, பின் அச்சையும் பார்த்துவிடலாமென்று, "ஒரு முழம் முன்னால நகர்த்துங்கம்மா" என்றார்.

திருமதி வின்ஸ்லோ ஒரு முழம் நகர்த்தவில்லை; ஒரு கெஜம் நகர்த்தினார், அதுவும் கோணலாக. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிப் படிகளுக்குள் விழுந்தது. வண்டியின் வயிறு சிமெண்டில் அமர்ந்தது. குழிக்குள் இருட்டாயிற்று. தரைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பூனை நுழையலாம். சீவர்ட் நுழைய முடியாது.

"ஐயையோ! நான் ஏதாவது உடைச்சுட்டேனா, மிஸ்டர் பிரெக்கி?"

அந்த அம்மாள் அழுதுவிடுவார் போலிருந்தது. அவரை வருந்தச் செய்வது சீவர்ட்டுக்கு ஒவ்வாத காரியம்.

"ஒண்ணும் ஆகலம்மா. கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்ல காபி சூடா இருக்கு, போய்க் குடிங்க."

அவர் சொன்னதை அப்படியே நம்பி அந்த அம்மாள் போய்க் காபியைக் குடித்து, விடியுமுன்னே கிளம்பி இருநூறு மைல் ஓட்டி வந்த களைப்பில் நாற்காலியிலேயே உறங்கிப்போனார்.

பத்தே காலுக்கு ஹால்வர் வந்தார். கல்யாணக் கோட்டு அணிந்திருந்ததால் கிரீஸ் படிந்த கொட்டகைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றார். அங்கிருந்து காரின் பின்புறம் மட்டுமே தெரிந்தது.

"சீவர்ட்! உள்ளயா இருக்க?"

"உள்ளதான்."

"எப்படி இருக்க?"

சீவர்ட்டின் தந்தையிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்குமோ, பாட்டனிடம் என்ன வந்திருக்குமோ, அதுவே அவர் வாயிலும் வந்தது. அவர்கள் வம்சத்தில் முறிந்த காலோடு கிடப்பவனும் வேறு விடை சொல்வதில்லை.

"மோசமில்ல."

"கோயிலுக்குக் கிளம்பலியா?"

"கொஞ்சம் தாமதமாகும் போல."

ஹால்வர் தாடையைத் தடவிக்கொண்டார். ஒருவன் பொண்ணு கல்யாணத்தன்றும் வேலையை விடமாட்டேன் என்றால், ஏன் என்று கேட்பது அவர் இடத்தில் மரியாதையாகாது. தான் அங்கே நிற்பதுகூட அவனை விரட்டுவது போலாகும்.

"அப்ப நான் முன்னால போறேன். நீயே பாத்துக்குவல்ல?"

"பாத்துக்கிறேன்."

காலடிகள் சரளைக் கல்லில் தேய்ந்து மறைந்தன. இப்போது கூப்பிட்டாலும் கேட்கும், இப்போதும் கேட்கும் என்று சீவர்ட் எண்ணிக்கொண்டேயிருந்தார். கேட்காத தொலைவு வந்தது.

முதுகால் முட்டினார். வண்டி அசையவில்லை. அப்போது மணி அடித்தது. வெளியே வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் பொறுமையாகக் காத்திருந்து, போய்விட்டார். ஒன்று. இன்னொரு முறை அடித்தது. "கடையில யாராச்சும் இருக்கீங்களா?" என்றது ஒரு குரல். "ஒரு நிமிஷம்!" என்றார் சீவர்ட், வாடிக்கையாக. அந்த ஆளும் சில நிமிடம் நின்றுவிட்டுப் போனான். இரண்டு. அவர்களில் எவனாவது கம்பெனி ஆளோ, அவருக்குத் தெரியாது. இனி அதை எண்ணி ஆவதொன்றுமில்லை என்று தெரிந்தும் எண்ணினார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்குக் கோயில் மணி கேட்டது. தெற்குக் காற்று அதைத் தெளிவாகக் கொண்டுவந்தது. அவர் வாயைத் திறந்தார். முதலடி நெஞ்சுவரை வந்தது. அங்கே சபை அமைதியாக நின்று அவர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டார்.

நண்பகலில் பங்க் மணி விடாமல் அடித்தது, கோயிலிலிருந்து வந்த ஆறேழு கல்யாண வண்டிகள். கொட்டகைக்குள் பட்டுப் பாவாடை உரசும் ஒலி. காரின் பின்புறத்தோடு நில்லாமல் அது உட்கோடிவரை வந்தது. படிகளில் விழுந்து கிடந்த சக்கரத்தை ரக்னா பார்த்தாள்.

"அப்பா. எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க?"

"கொஞ்ச நேரமா."

"ஹால்வர் மாமா வந்தப்போ?"

"அப்பவும்தான்."

"அவரு அங்க வந்து, 'வேலையா இருக்காரு, மோசமில்லன்னு சொன்னாரு'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. பாட்டே இல்லாம முடிஞ்சுது. ஏம்பா சொல்லல?"

"அவரு நல்ல கோட்டு போட்டிருந்தாரு."

வாசலில் நின்ற ஹால்வர் தம் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க" என்றாள் ரக்னா. "நீங்களே சொல்லுங்க. சொன்னாத்தான் தூக்குவோம்."



"என்னால வெளிய வர முடியல, ரக்னா. எடுத்து விடுங்க."

பன்னிரண்டு ஆண்கள் கோட்டோடு வண்டியைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை கை கொடுத்தார். சீவர்ட் மகளின் வெள்ளை உடையைத் தொடத் துணியாமல், கறுத்த கைகளை விரித்தபடி அவள்முன் நின்றார். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது.

மணி அடித்தது.

அவர் கால் அரை அடி முன்னே போயிற்று. போனதை அவர் உணர்ந்து நிறுத்துவதற்குள் ரக்னா பார்த்துவிட்டாள்.

"போங்கப்பா," என்றாள். "ஒரு நிமிஷம் ஆயிடப் போகுது."

அவர் போனார். தொப்பியை அணிந்தார். வண்டிக்காரரிடம் எத்தனை கேலன் என்று கேட்டார். பம்பின் நெடுங்கோலைப் பற்றி முன்னும் பின்னும் தள்ளத் தொடங்கினார். கண்ணாடிக் குடத்தில் செந்நிறப் பெட்ரோல் படிப்படியாக ஏறியது. நான்காம் தள்ளலில் அவர் குரல் எழுந்தது. ஏழாண்டு மூடிக் கிடந்த குரல். ஞானப்பாட்டின் முதலடியில் சற்றே பிசிறி, இரண்டாமடியில் நிமிர்ந்தது. கைகள் நிற்கவில்லை. ஹால்வர் தொப்பியைக் கழற்றினார். சபை முழுவதும் சரளைக் கல்லின்மேல் நின்று, பம்பின் நடைக்கு ஏற்பப் பின்னே பாடியது. வண்டிக்காரர் ஜன்னலுக்குள் திகைத்து உட்கார்ந்திருந்தார்.

பத்து கேலன் ஏறியதும் சீவர்ட் குழாயை எடுத்து வண்டியில் செருகினார். பாட்டு இன்னும் ஒரு சரணம் இருந்தது. ரக்னா அழுதுகொண்டிருந்தாள்.