கண்ணாடி போட்ட பிரெய்ல்

எனக்குப் பார்வை கிடையாது. எங்கள் மேனாம்பேடு அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டில் தடவிப் படிக்கும் பிரெய்ல் எண்கள் ஒட்டச் சொல்லி ஆறு மாதமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுவந்தேன். துணைக்கு யாரும் ஏறாத நாளில் குத்துமதிப்பாக ஒரு பட்டனை அழுத்தி, யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்பேன்.

இன்று மாலை ஆபீஸிலிருந்து வந்ததுமே அசோசியேஷன் செயலாளர் என்னை லிஃப்ட்டுக்குள் கூட்டிப்போனார். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

"தொட்டுப் பாருங்க சார். என் கையால ஒட்னது."

தடவினேன். வழுவழுவென்று இருந்தது. ஒரு புள்ளிகூடத் தட்டுப்படவில்லை.

"மேல என்ன சார் போட்டிருக்கீங்க?"

"கண்ணாடி சார். இத்தினி பேர் கை வெக்கிற எடம், புள்ளி தேஞ்சிடக் கூடாதுல்ல?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்குப் புரிய இரண்டு நொடி ஆனது.

"அய்யோ, இன்னா வேலை பண்ணிக்கீறேன் பாரு!"

உடனே ஓடிப்போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்து கழற்றினார். விரலுக்கடியில் என் மாடி எண் மூன்று தெளிவாகக் கிடைத்தது.

"நீங்க எறங்கிக்குங்க சார். நான் தனியாப் போய்ப் பாக்கறேன்" என்றேன்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. எதிரே யாரோ மூச்சு வாங்கும் சத்தம். மனிதர் படியேறி ஓடிவந்திருக்கிறார்.

"கரெக்டா வந்துட்டீங்க சார்!"

நன்றி சார். உங்களுக்கும், மூன்று மாடி ஏறிய உங்கள் முழங்காலுக்கும்.

வீட்டு டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர் போடாதவர்கள் மட்டும் அவரைக் கிண்டல் செய்யலாம். கமென்டில் வரிசையாக வாருங்கள்.