யாகோப்புவின் சிவந்த முகம்

குருநகரில் யாகோப்பு கடற்தொழிலுக்குப் போகிறவர். நான் அவருக்கு இரண்டு வீடு தள்ளிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் அவர் குடித்த குடி தெருவுக்கே தெரியும். மூன்று வருடங்களுக்கு முன்பு, மனைவி மக்டலீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மன்னாரிலிருக்கும் தமக்கை வீட்டுக்குப் புறப்பட்ட அன்றுதான், புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டார். "இனித் தொட்டால் நான் போனது போனதுதான்" என்று சொல்லித்தான் மக்டலீன் பெட்டியை இறக்கி வைத்தாள்.

இந்த வருடம், அதுவும் தவக்காலத்தில், அவர் முகம் சிவக்கத் தொடங்கியது. கண்ணும் சிவந்தது. தலையிடி, குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. சிவந்த முகத்துக்கு எங்கள் தெருவுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். எனக்கும் அதுதான் தெரிந்திருந்தது என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மக்டலீன் அவர் வாயை மணந்து பார்த்தாள். சாராய மணமில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"மணக்காமல் குடிக்க எங்கை பழகினனீங்கள்?"

"அந்தோனியாராணை நான் தொடேல்லையடி!"

"அவரை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்?"

அந்தோனியார் பேரில் பொய்ச்சத்தியம் செய்கிற ஆள் அல்ல அவர். அப்படியென்றால் அந்த முகம்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபடவில்லை. ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணை, நித்திரையிலை எழும்பிப் போய்க் குடிக்கிறனோ தெரியேல்லை" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மக்டலீன் மறுபடி பெட்டியை எடுத்தாள். "இரத்தத்தைச் சோதிச்சுப் பாப்பம், குடிச்சிருந்தால் காட்டுந்தானே" என்று அவர் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

குடித்ததாகக் காட்டவில்லை. சிவப்பணுதான் அளவுக்கு மிஞ்சியிருந்தது. ஏனென்று பார்க்க ஸ்கான் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி. வலியுமில்லை, சிறுநீரில் இரத்தமுமில்லை.

"எனக்கு முகத்திலையெல்லோ வருத்தம்?" என்றார் யாகோப்பு.

"இரத்தம் ஊறச் சொல்லுறதே சிறுநீரகந்தான் ஐயா. இந்தக் கட்டி நிப்பாட்டாமல் சொல்லிக்கொண்டிருக்கு. இரத்தம் கூடினதாலைதான் முகம் சிவக்குது. பாக்கப் புற்றுநோய் மாதிரிக் கிடக்கு. கெதியாய் எடுக்கவேணும்" என்றார் டொக்டர்.

அதில் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும். முகம் மலர மனைவியைப் பார்த்தார்.

"கேட்டியே? நான் குடிக்கேல்லை."

மக்டலீன் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"குடிச்சிருக்கலாமேயப்பா" என்றாள்.