பொய்சாட்சி வேடம்

எங்கள் வாசிப்பு வட்டம் ஆண்டுக்கு ஒரு நாடகம் போடும். போன ஆண்டு போட்டது ஒரு நீதிமன்றக் கதை. ஓய்வுபெற்ற பெண் வழக்கறிஞர் ஒருவர் எழுதி, அவரே இயக்கினார். கற்பனையான ஒரு துறைமுக ஊர். அங்கே வேலைக்கு வந்த கறுப்பின இளைஞன் படகு எஞ்சினைத் திருடியதாக வழக்கு. அவன் திருடவில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெண் கூண்டிலேறி, "என் கண்ணால பாத்தேன்" என்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்தது நான்.

அந்த இளைஞனாக நடித்தவர் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடான டோகோவிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பவர். தமிழைக் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டவர். ஒத்திகையின் முதல் நாள் அவரைப் பார்த்ததுமே வசனத் தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். அவரை எனக்கு முன்பே தெரியும்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தபோது, போனில் பிரெஞ்சில் பேசி வாடகைக்குக் கேட்டார். நானும் பள்ளியில் படித்த பிரெஞ்சில் உற்சாகமாகப் பேசி, வந்து பார்க்கச் சொன்னேன். குரலை வைத்து வெள்ளைக்காரர் யாரையோ எதிர்பார்த்திருந்தேன். வாசலில் நின்றவரைக் கண்டதும், "இப்பதான் சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டோம்" என்றேன். அப்படி எந்தச் சொந்தக்காரரும் இல்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனார்.

ஒத்திகையில் அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மறந்திருப்பார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாம் வாரம் இயக்குநர், "பொய் சொல்லும்போது உங்க மொகம் அவ்வளவு இயல்பா இருக்கு. எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த வசனத்தைத் தப்பாகச் சொன்னேன்.

டீ குடிக்கக் கலைந்தபோது அந்த மாணவரிடம் போனேன்.

"மாடி இல்லன்னு உங்ககிட்ட சொன்னது நான்தான். சொந்தக்காரங்க யாரும் வரல. உங்க நெறத்தப் பாத்துட்டு சொன்ன பொய் அது."

"தெரியும் மதாம். மொத நாளே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வரமாட்டீங்க. இந்த வேஷத்துக்கு வேற ஆளு இல்ல."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நாலு வீடு பாத்தேன். நாலு வீட்டுலயும் சொந்தக்காரங்க. பீச்சுல போயி ஒக்காந்துட்டேன். அவ்வளவு கோவம்." பிறகு, "நீங்க ஒருத்தர்தான் வந்து சொன்னீங்க" என்றார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து போகையில் உடம்பு லேசாக இருந்தது.

மறுநாள் ஒத்திகையில் இயக்குநரிடமும் நடந்ததைச் சொல்லி, கடைசிக் காட்சியில் அந்தப் பெண் உண்மையை ஒப்புக்கொள்வதாக மாற்றலாமா என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் மாணவர் குறுக்கிட்டார்.

"வேணாம். அவ ஒத்துக்கிட்டா, பாக்குறவங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க."

இயக்குநர் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. மேடையில் நான் கடைசிவரை பொய் சொன்னேன். அவருக்குத் தண்டனை வாசித்தபோது முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் என்னை முறைத்தபடியே எழுந்து போனார். எனக்கு அது பிடித்திருந்தது.

அவருக்கு இல்லை என்ற பிறகு மாடிக்குக் குடிவந்திருந்தவர்கள் சில மாதங்களில் காலி செய்தார்கள். முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன்.

"நான் லாசுப்பேட்டையில நல்லா இருக்கேன் மதாம். எங்க ஊரு பொண்ணுங்க ரெண்டு பேரு தேடுறாங்க. நேர்ல பாத்தப்புறம் பேச்சு மாறாதே?"

"மாறாது. வரச் சொல்லுங்க."

இப்போது அந்தப் பெண்கள்தான் மாடியில் இருக்கிறார்கள். குடிவந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரம்மா, "வேற ஆளுங்க கெடைக்கலயா?" என்று கேட்டார். "கேட்டாங்க. இவங்களுக்குத்தான் குடுக்கணும்னு குடுத்தேன்" என்றேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிடுகிறார்கள் என்று நான் கத்துவதும், நேற்று மறந்தது நீங்கள்தான் என்று அவர்கள் மேலிருந்து பதில் கொடுப்பதுமாகக் காலைப்பொழுதுகள் நன்றாகவே போகின்றன.