ஊசி அண்ணன் தூங்காத வருஷம்

பேருந்துப் பணிமனையில் எல்லோரும் அவரை ஊசி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநராகச் சேர்ந்த புதிதில் காற்றடித்தால் பறந்துவிடுவார் போல இருந்தாராம். இப்போது இருக்கையைப் பின்னால் தள்ளிப் போட்டால்தான் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்காது. பெயர் மட்டும் பருக்கவே இல்லை.

"அண்ணே, ஒரு ஆளு சம்பளம்தான் வாங்குறீங்க, ரெண்டு பேரு எடத்துல உக்காருறீங்களே" என்று நடத்துநர் சீண்டுவார். இவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பார்.

வீட்டில் அப்பாவுக்கு நினைவு குழம்பிப்போயிருந்தது. பகலெல்லாம் பெட்டிப்பாம்பாகக் கிடப்பார். விளக்கை அணைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, என்றைக்கோ மூடிவிட்ட மில்லுக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை நடுரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றார். அன்றிலிருந்து இவருக்குப் படுக்கை வாசற்கதவோரம்தான், அதுவும் கண் மூடாமல். மனைவி முறைபோட்டுப் பார்த்துக்கொள்ள வந்தாள். மாமனார் அவளைத் திருடி என்று தெருவே எழும்பும்படி கத்தினார். கதவுக்குப் பூட்டு போட்டதும் கதவில் முட்டி முட்டி நெற்றியை உடைத்துக்கொண்டார். பூட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

விடியும்போது இவருக்கு ஒரு பசி எடுக்கும், பேய்ப்பசி. தின்றாலும் அடங்காது. கண் சொருகாமலிருக்கச் சர்க்கரை தூக்கலாக டீ, அதோடு கைக்குக் கிடைத்ததெல்லாம். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார். மறுநாள் இரண்டு பங்காக உள்ளே போனது. நடக்கப் போனார்; முழங்கால் மக்கர் செய்தது.

வருடாந்திர உடற்பரிசோதனையில் எடையைப் பார்த்த டாக்டரம்மா, "நைட்டு ஒழுங்கா தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

என்ன தின்கிறாய் என்று திட்டு விழும் என எதிர்பார்த்துப் போனவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் கொட்டினார்.

"தூக்கம் கெட்டா பசியும் தாறுமாறா போயிடும். வயிறு நெறஞ்சாலும் போதும்னு தோணாது. இனிப்பைத்தான் மனசு தேடும். முதல்ல நீங்க தூங்கணும்."

"எங்க போய்த் தூங்குறது டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்குதா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காலையில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். "சில நேரம்" என்றார்.

அந்த வாரமே வண்டியை விட்டு இறக்கி, பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். ஸ்டியரிங் வளைக்கிற உழைப்பும் போய், நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்தே வேலை. உடம்பு இன்னும் ஏறியது. அப்பாவைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று தங்கைக்குப் போன் போட்டார்.

"எங்க வீடு மாடிண்ணா, அவரு எங்கயாவது தவறி விழுந்துட்டா?" அவள் சொன்னதும் நியாயம்தான். முதியோர் இல்லத்தில், எழுந்து வெளியே போகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். சீருடையை இதற்குமேல் பிரித்துத் தைக்க உள்ளே துணியில்லை என்றாள் மனைவி.

ஒரு சாயங்காலம் சோறு ஊட்டும்போது அப்பா இவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, மூஞ்செல்லாம் வீங்கிக் கெடக்கு? தூங்குறதில்லையா?"

கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. "தூங்கணும்பா."

"நீ படு. நான் முழிச்சுப் பாத்துக்கறேன்."

"சரிப்பா" என்றார். வேறென்ன சொல்ல? வாயைத் துடைத்துவிட்டு, தட்டில் மிச்சமிருந்ததையும் தானே தின்று தீர்த்தார்.