லோகநாதன் முதுகில் ஒன்பது சிவப்புப் பொட்டு

போன சனிக்கிழமை தேக்கா சந்தையில் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் எடுத்த பழத்தில் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர். உடனே திரும்ப வைத்துவிட்டேன். அடுத்ததிலும் சிவப்பு. அதையும் வைத்தேன். ஐந்தாவது பழத்தில் கடைக்காரர் பொறுமை இழந்தார். “அக்கா, அது கம்பெனி ஸ்டிக்கர் லா. பழம் நல்லாத்தான் இருக்கு.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எழுபதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் சிவப்பு வட்டம் என்றால் ஒரே அர்த்தம்தான்: பழுது, தொடாதே.

ரேடியோவுக்கான சில்லுகள் செய்யும் இடம் அது. தொழில்நுட்பக் கல்லூரி முடித்த கையோடு தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். வயது இருபது. சட்டைப் பையில் மூன்று பேனா. வேலை எளிது. பழுதான பொருளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். தமிழ்ப் பெண்கள் அதைப் ‘பொட்டு’ என்போம். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு படிவம், மூன்று பிரதி, ஒன்று மேனேஜர் மேசைக்கு. அவர் கையெழுத்துப் போடும்வரை பொட்டு உள்ள எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. கால் ஆடிய நாற்காலிக்கு ஒட்டியிருக்கிறேன். ஒருமுறை கேன்டீன் கறிபஃப்புக்கும் ஒட்டினேன் (உள்ளே கறி இல்லை). வீட்டில் ஒழுகிய குழாய்க்கு ஒட்டியபோது அம்மா, “படிவத்தை யாருகிட்ட குடுக்கப்போற? முனிசிபாலிட்டிகிட்டயா?” என்றார்.

பெப்பர்மின்ட் வாசனை வந்தால் இன்றும் எனக்குத் தோள் இறுகும். எங்கள் சூப்பர்வைசர் லோகநாதன் எந்நேரமும் அதைத்தான் சப்பிக்கொண்டிருப்பார். பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, கையில் இடுக்கியோடு, மூச்சைப் பிடித்து மயிரிழைக் கம்பியைப் பொருத்திக்கொண்டிருப்பார்கள். தலையைத் தூக்கினால் கம்பி போச்சு. பின்னாலிருந்து முதலில் வாசனை வரும். அப்புறம் கை வரும், தோளில். “என்னம்மா, சரியா போகுதா?” கை அங்கேயே குடியிருக்கும்.

அதிகம் மாட்டியவள் என் தோழி ஸ்டெல்லா. மூன்று மாதத் தற்காலிக வேலையின் கடைசி வாரம் அவளுக்கு. வேலை நிரந்தரமாக லோகநாதன் கையெழுத்து வேண்டும். கிடைக்காவிட்டால் அண்ணன் வீட்டில் உட்காரவைத்துவிடுவான். சாயங்கால வகுப்பும் நின்றுபோகும். தோளைத் தட்டிவிட்டால் கையெழுத்து போச்சு. தட்டாவிட்டால் கை போகாது.

அலுவலகத்துக்குப் போய், ஊழியர் குறைகளைக் கவனிக்கும் மிஸஸ் லிம்மிடம் சொன்னாள். நல்ல மனுஷி. பாவம், எல்லா இழுப்பறையையும் திறந்து தேடினார். லாக்கர் சாவி தொலைந்ததற்குப் படிவம் இருந்தது. சீருடை இறுக்கமானதற்கு இருந்தது. “நோ ஃபார்ம் லா, கேர்ள்” என்று வருத்தத்தோடு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். ஸ்டெல்லா அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். போலீசுக்குப் போகலாம்தான். தோளில் கை வைத்ததற்கா என்று அவர்கள் சிரித்தால் என்ன செய்வது என்று எங்களுக்குப் பயம்.

“படிவம் இல்லைங்கிறாங்களே!” என்று அழுதாள்.

“எங்கிட்ட இருக்கு,” என்றேன்.

மறுநாள் காலை, அன்றைய முதல் பெப்பர்மின்ட் வாசனை வந்தது. கை இறங்கியது. பக்கத்து இருக்கைப் பெண், நான் கொடுத்துவைத்திருந்த பொட்டில் ஒன்றைத் திரும்பாமலே அவருடைய வெள்ளைக் கோட்டின் முதுகில் வைத்தாள். நான் படிவம் எழுதினேன். பொருள்: கை, வலது. இடம்: மூன்றாம் வரிசை, ஸ்டெல்லாவின் தோள். பழுது: தானாக இறங்குகிறது. காரணம்: தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது பொட்டு, ஒன்பது படிவம். லோகநாதன் அம்மை வார்த்த மாதிரி கம்பீரமாக நடந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. நாங்கள் ‘பாக் சிக்’ (மாமா) என்று கூப்பிடும் மலாய்க் காவலர் ஹசான் வாசலில் கையை நீட்டி மறித்தார். “சார், மேரா. தாக் போலே கெலுவார்.” சிவப்பு, வெளியே போக முடியாது.

“என்னய்யா சிவப்பு?” லோகநாதன் தன் முதுகைத் தானே பார்க்க இரண்டு சுற்றுச் சுற்றினார். வரிசையில் நின்ற எழுபது பெண்களும் சிரித்தோம். அடுத்து ஸ்டெல்லா வந்தாள். பாக் சிக் அவளையும் நிறுத்தினார்.

தப்பு என்னுடையது. படிவத்தில் ‘பழுது ஏற்பட்ட இடத்தைக் குறிக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. ஒன்பதாவது தடவை, ஒழுங்காகச் செய்கிறேன் பேர்வழி என்று, அவள் தோளிலும் ஒன்று ஒட்டிவிட்டேன்.

“ஏண்டி, என்னையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா?” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மேனேஜர் வந்தார். வெளிநாட்டுக்காரர், பேசாத மனிதர். கையில் என் ஒன்பது படிவங்கள். வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். லோகநாதனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரே பழுது மூன்று முறைக்கு மேல் வந்தால் விதி என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வரிசையிலிருந்து எடுத்துவிடவேண்டும், சார்.”

அன்று மத்தியானமே லோகநாதன் கிடங்கு வேலைக்கு மாற்றப்பட்டார். அங்கே இருந்தவை அட்டைப்பெட்டிகள் மட்டும்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. மேனேஜர் ஸ்டெல்லாவின் தோளில் இருந்த பொட்டை எடுக்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “நீங்களே எடுங்கள்” என்றார். அவள் எடுத்தாள். வேலை நிரந்தரத் தாளில் அவரே கையெழுத்திட்டார். ஸ்டெல்லா அந்தப் பொட்டை என் குறிப்பேட்டு அட்டையில் ஒட்டி, “இனிமே ஒட்டுறதுக்கு முன்னாடி கேளுடி,” என்றாள்.

தொழிற்சாலை இப்போது பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. பாக் சிக் இல்லை. எங்களை ஏற்றிப்போன நீல பஸ் இல்லை. ஸ்டெல்லா வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர், பெப்பர்மின்ட் தொடுவதில்லை.

நான் ஜாலான் புசாரில் பம்ப் விற்கும் கம்பெனியில் இருக்கிறேன். எதற்கும் பட்டியல் போடுகிறவள் என்பதால் ஊழியர் கையேட்டை எழுதும் வேலை என்னிடம் வந்தது. தேநீர்க் கெட்டிலுக்கே அரைப் பக்கம் எழுதியாகிவிட்டது. யாராவது தப்பாக நடந்துகொண்டால் யாரிடம் சொல்வது என்ற பக்கத்துக்கு மட்டும் முதலாளி, “இருக்கிறதே நாலு பொம்பளைங்க, இதெல்லாம் எதுக்கு லா?” என்றார். அந்தப் பக்கத்தை எழுதாமல், பென்சிலால் கேள்விக்குறி மட்டும் போட்டுவைத்திருந்தேன்.

ஆப்பிளோடு வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பொட்டு வெளிறி, ஆரஞ்சு நிறமாகியிருந்தது. உரித்து, கையேட்டின் அந்தக் கேள்விக்குறிப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். விழுந்தது. மறுபடி அழுத்தினேன். விழுந்தது. பசை முழுக்கக் காய்ந்துவிட்டது.

கேள்விக்குறியை அழித்துவிட்டு, யாரிடம் சொல்வது என்பதைப் பேனாவால் எழுதினேன்.