பிள்ளையைத் தூக்க ஆள் உள்ள தெரு

முதுகில் ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். காலையும் மாலையும் நடக்க வேண்டும். எதையும் தூக்கக் கூடாது. "குடத்தையும் தூக்கக் கூடாது, பிள்ளையையும் தூக்கக் கூடாது" என்றார். என் மகள் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். குடம் தூக்காமல் காலத்தை ஓட்டிவிடலாம். தவழுகிற பிள்ளையைத் தூக்காமல் எப்படி ஓட்டுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதுவரை நான் லோடு ஆட்டோவில் கடை கடையாகப் போய் பிஸ்கட் பெட்டி இறக்குகிற வேலையில் இருந்தேன். அஞ்சுகிராமத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களெல்லாம் என் லைன். தூக்கித் தூக்கித்தான் டிஸ்க் விலகியது. நான் படுத்துவிட்டதால், பிள்ளை பெற்று வீட்டிலிருந்த மனைவி தனியார் பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் பாடம் எடுக்கப் போக வேண்டியதாயிற்று. என்னைப் பெற்றவர்கள் இல்லை. அவளுடைய அம்மா மகனோடு துபாயில். பகலெல்லாம் வீட்டில் நானும் பிள்ளையும்தான்.

தொட்டிலில் போடவும் எடுக்கவும் பக்கத்து வீட்டு அண்ணி வருவார்; எங்கள் ஊர்ப் பேச்சில் மைனி. மதிலோரம் நின்று "மைனீ" என்று கூப்பிட்டால், கையில் ஒட்டிய மாவோடோ சோப்பு நுரையோடோ ஓடி வருவார். முகம் சுளித்தது இல்லை. இருந்தாலும் ஒரு மனுஷியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவது? ஒவ்வொரு முறையும் கூப்பிடலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பிள்ளை அழுது தொண்டை கட்டிவிடும்.

மச்சினன் துபாயிலிருந்து ஒரு தள்ளுவண்டி அனுப்பியிருந்தான். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை மைனிதான் பிரித்துப் பொருத்தினார். பிள்ளையை உள்ளே உட்கார வைத்து வீட்டுக்குள்ளேயே உருட்டிப் பார்த்தோம். அடுக்களையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். உருட்டுவதை நிறுத்தினேன், விழித்துவிட்டாள். சரி, நடக்கத்தானே டாக்டரும் சொன்னார் என்று வெளியே இறங்கினேன். நடை எளிதாக இருக்கும் என்று நினைத்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

முதலில் மெயின் ரோடு. தார் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆடிக் காற்று. எங்கள் பக்கத்துக் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வண்டியின் கூரைத்துணி குடை விரிந்த மாதிரி உப்பிக்கொண்டு, பிடித்த கையை ரோட்டுக்கு நடுவே இழுத்தது. பின்னால் லாரி. ஹாரன் சத்தத்தில் பிள்ளை பதறி எழுந்து வீறிட்டாள். டீக்கடை வாசலில் இருந்தவர் ஒருவர், "என்ன மாப்ளே, வண்டியில என்ன யாவாரம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்துவிட்டுத் திரும்பினேன். இடுப்பு முதல் குதிகால் வரை ஒரு பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்து சானல் கரை. வயலுக்குத் தண்ணீர் போகிற சானல். ஓரத்தில் நிழல் உண்டு, லாரி கிடையாது. ஆனால் போன மழையில் தார் கரைந்து, ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. வண்டியின் முன்சக்கரங்கள் ஏர்போர்ட்டில் உருட்டுவதற்காகச் செய்தவை போல அவ்வளவு சின்னவை. ஒவ்வொரு கல்லிலும் மாட்டி நின்றது. நிற்கும்போதெல்லாம் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், உயர்த்தினால் முதுகில் சுரீர் என்னும். ஒரு பக்கம் தண்ணீர், தடுப்புச் சுவர் இல்லை. எதிரே பைக் வந்தால் ஒதுங்க இடமில்லை. பிள்ளை நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்து, கைப்பிடி வழுக்கியது. இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்த பிளாட் கண்ணில் பட்டது. வயலை நிரவி மனைகளாகப் போட்ட இடம். முகப்பில் வளைவு, கலர் கலராகக் கொடிகள், மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள். உள்ளே அகலமாக, ஒரு பள்ளம்கூட இல்லாமல் புத்தம் புது ரோடு. வீடு ஒன்றுகூட எழவில்லை. வண்டி தானாக ஓடியது. ஒரு சுற்று முடிவதற்குள் பிள்ளை தூங்கிப்போவாள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு, பாதிக் கண் மூடி, ஒன்றும் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வருவேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு அப்படி ஒரு அமைதி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. சில நாள் காலையும் மாலையும் அங்கேதான்.

ஒரு நாள் காலையில் வண்டியை ஓர் எல்லைக் கல் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கட்டெறும்பு எப்படி ஏறியது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை உடம்பை வில்லாக வளைத்து ஒரு கத்துக் கத்தினாள். அது பசி அழுகை இல்லை, தூக்க அழுகையும் இல்லை. பெல்ட்டைக் கழற்றி உடுப்பை விலக்கினேன். தொடையில் இரண்டு எறும்பு. நசுக்கிப் போட்டேன். இன்னும் எங்கேயோ கடிக்கிறது, அவள் அடங்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். கொடிகள் படபடத்தன. மனிதர் யாரும் இல்லை.

என்ன செய்வது? ரோட்டில் மண்டி போட்டு, பிறகு மெதுவாக உட்கார்ந்து, வண்டியைப் பக்கத்தில் இழுத்து, அதைச் சாய்த்து அவளை மடியில் சறுக்கவிட்டேன். முழு உடுப்பையும் கழற்றியபோது முதுகில் இன்னொரு எறும்பு இருந்தது. அதையும் எடுத்தேன். அழுகை குறைந்தது. அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது: அவளோடு என்னால் எழுந்திருக்க முடியாது. திரும்ப அவளை வண்டியில் ஏற்றவும் முடியாது. மைனிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. என் தலையின் நிழல் அவள் முகத்தில் விழும்படி குனிந்தே இருந்தேன். அழுதால் கொஞ்சம் நன்றாக இருக்கும் போலிருந்தது. ஆனால் அதற்கும் தெம்பில்லை.

ஒரு கார் வந்தது. மனை பார்க்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும், அவர்களைக் கூட்டிவந்த புரோக்கரும். புரோக்கர் என்னைப் பார்த்ததும், "ஸாரும் பிளாட் பாக்க வந்தீயளா?" என்றார்.

அந்த அம்மா அவரைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். "என்ன, பச்சப்பிள்ளைய இப்பிடி வெயில்ல வச்சிட்டு இருக்கீய?"

"எறும்பு கடிச்சிட்டும்மா. என்னால தூக்க முடியாது. முதுகுல ஆப்பரேஷன்."

வேறெதுவும் கேட்காமல், உடுப்பில்லாத பிள்ளையைப் பட்டுச் சேலையோடு அணைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முதுகைத் தட்டிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தார். புரோக்கர் கிழக்கு பார்த்த மனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் நடந்தார். அந்த அம்மாவின் புருஷன் என் இரண்டு கையையும் பிடித்து எழுப்பி நிறுத்தினார். பிள்ளையை வண்டியில் வைத்துப் பெல்ட் போட்ட பிறகு அந்த அம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏங்க, இங்க வீடு வச்சா, ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆரைக் கூப்பிட?" என்று புருஷனிடம் கேட்டார். புரோக்கர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து தொடையில் வீங்கியிருந்த தடிப்பைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினாள். தடவி முடித்துவிட்டு, "அங்கன ஏன் போனிய?" என்றாள்.

"ரோடு நல்லாருக்கும்."

"ரோடு நல்லாருந்து என்னத்துக்கு?"

அவ்வளவுதான் சொன்னாள். திருத்த வேண்டிய பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பாதிக் கட்டு முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

மறுநாள் நான் ஊர்த் தெருவுக்குள்ளேயே வண்டியைத் தள்ளினேன். பஞ்சாயத்தில் கல் பதித்த தெரு. தடதடவென்று ஆடும். பத்து வீட்டுக்கு ஒரு சாக்கடை ஓடை குறுக்கே போகும். மேடு, பள்ளம், கட்டிப்போட்ட ஆடு, காயப்போட்ட நெல். வண்டி ஓட்ட இதைவிட மோசமான இடம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் யாராவது இருந்தார்கள்.

பிள்ளை சிணுங்கியபோது ஒரு தையல்கடை முன்னால் நின்றேன். மிஷினில் என் வயது இருக்கிற பெண் ஒருத்தி. கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆளைப் பார்த்தால் நான் தடியன்தான். பெட்டி பெட்டியாகத் தூக்கியவன்.

"அக்கா, இந்தப் பிள்ளைய ஒண்ணு தூக்குவியளா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், ஒங்களுக்கு என்ன கேடு?"

சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டி, "அதுக்கென்ன, தாங்க" என்றாள். தருவதற்குத்தான் என்னால் முடியாது என்பது அவளுக்கு ஒரு நொடி கழித்து உறைத்தது. சிரித்துக்கொண்டே எழுந்து வந்து எடுத்துக்கொண்டாள்.

அப்படியே பழகிவிட்டது. ஓடை வரும் இடத்தில் யாராவது வந்து முன்சக்கரத்தைப் பிடித்துத் தாண்டவிடுவார்கள். அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல் தாங்கலில் இருக்கிற பெரியவர் வெளியே வந்து அவள் நெற்றியில் நாமம் இட்டுவிடுவார். "பெண்டாட்டி சம்பாத்தியம், மாப்பிள்ளைக்குத் தள்ளுவண்டி" என்று காது கேட்கவே சொன்னவர்களும் உண்டு. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே போவேன். வீடு திரும்பும்போது கல்லின் அதிர்வில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். படுத்துக்கொள்வேன். மறுபடி சாயங்காலம் கிளம்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கூட வந்தாள். வண்டியை அவள்தான் தள்ளினாள். தையல்கடை வந்ததும் பிள்ளை பெல்ட்டுக்குள் துள்ளி, இரண்டு கையையும் மிஷின் பக்கம் நீட்டினாள். அந்தப் பெண் "வாட்டி என் ராசாத்தி" என்று அள்ளிக்கொண்டு போய்த் துணிக்குவியலின் மேல் உட்கார வைத்தாள். பிறகுதான் மனைவியைப் பார்த்து, "நீங்க ஆரு, பிள்ளைக்கு அத்தையா?" என்றாள்.

"அம்மா" என்றாள் மனைவி.

திரும்பி வரும்போது பிள்ளையை அவள் வண்டியில் வைக்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஓடை வந்த இடத்தில் நின்று எனக்காகக் காத்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா, வெயிலா, தெரியவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நாளைக்கும் அந்தத் தெருதானா?" என்றாள்.

"வேற எங்க போக?"

பிள்ளையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிள்ளை அவள் தோளில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த மிஷின்கிட்ட ஊசி கெடக்கு. தரையில விட வேண்டாம்னு அவட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட உள்ளே போனாள்.